நீலம் தீர்ந்த கரை

1

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண ஒரு பகல் பொழுது செல்ல வேண்டும். அத்தகைய ஊரில் பிறந்த ஒருவன் வடகடல் கப்பல் சுற்றுலாவைப் பற்றி எழுதப் புகுந்தால், அதைப் பகட்டு என்று சிலர் கருதக்கூடும். கருதட்டும். இங்கிலாந்துக்கு நான் குடிபெயர்ந்து இந்த ஆண்டோடு நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன. இத்தனை காலத்தில் விடுமுறை என்று நான் சென்ற இடங்கள் மிகச் சிலவே. பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் பிள்ளைகளுக்கு உலகம் முழுவதையும் சுவரில் தொங்கவிட்டுக் காட்டிவிட்டு, மாலையில் பேருந்து பிடித்து வீடு திரும்பியவன்.

நாற்பதாம் ஆண்டை எப்படிக் கொண்டாடுவது என்று தொலைபேசியில் கேட்டவள் என் மகள் அமுதா. ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பவள். சில நேரங்களில் முடிக்காமலே விட்டுவிடுபவள்.

“பார்ட்டின்னா வேணாம்னுடுவீங்க. அட்லீஸ்ட் ஒரு ட்ரிப்? எங்க போகணும்னு ஆசை, சொல்லுங்கப்பா.”

“நார்வே,” என்றேன். அவ்வளவு விரைவாகப் பதில் வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

அடுக்களையில் இருந்த என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். “வருசத்துல எட்டு மாசம் ஹீட்டர் மேலயே சாஞ்சு கெடக்கறவரு, இன்னும் குளுரு தேடிப் போறாராமா?”

“கப்பல்ல போகலாம். அங்க மலைக்கு நடுவுல கடல் உள்ள வரைக்கும் போகும். கப்பலும் போகும்.”

“ஓகே, ரெண்டு பேருக்கு பால்கனி ரூம் பார்க்கறேன்,” என்றாள் அமுதா.

“மூணு பேருக்குப் பாரு. காவேரி அத்தையும் வருவாங்க.”



2

காவேரியம்மாள் என் அக்கா. எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். கணவர் மறைந்த பிறகு, காரிமங்கலத்துக்கு அருகே பூட்டிக் கிடந்த எங்கள் பிறந்த வீட்டைத் திறந்து அங்கேயே இருந்துவருகிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் எத்தனை முறை அழைத்தும் போனதில்லை. “உன் வூட்டுல ஜன்னலைத் தொறந்தா அடுத்தவன் ஜன்னலு தெரியுது” என்பது அவர் கூறும் காரணம்.

அக்காவுக்கும் நார்வேக்கும் உள்ள தொடர்பு பழையது. நான் கல்லூரியில் புவியியல் படித்தபோது வரைபடங்கள் வரைந்து வண்ணம் தீட்டி ஒப்படைக்க வேண்டும். கோடு எனக்கு நன்றாக வரும். வண்ணம் வராது, அழுத்தித் தேய்த்துத் தாளையே கிழித்துவிடுவேன். அந்த ஆண்டு அக்கா தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீடு வந்திருந்தார். குனிந்து வேலை செய்யக் கூடாது என்று எல்லோரும் தடுத்ததால், பொழுது போகாமல் என் வரைபடங்களை மடியில் இருந்த பலகையின் மீது வைத்துக்கொண்டு வண்ணம் தீட்டத் தொடங்கினார். கோட்டைத் தாண்டாமல், ஓரத்தில் அடர்த்தியாகவும் உள்ளே போகப் போக மெலிதாகவும் கடலைத் தீட்டுவார். உலகத்துக் கடல்கள் எல்லாம் அந்த ஆண்டு எங்கள் வீட்டில்தான் நீலமாயின.

ஒரு நாள் நார்வேயின் கரை வந்தது. அந்நாட்டுக் கரையோரம் ஃபியோர்டுகளால் ஆனது. பண்டைக் காலத்தில் பனியாறுகள் மலைகளைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி விலகியதும் அவற்றுக்குள் கடல் புகுந்து நின்றுவிட்டது. நிலப்படத்தில் பார்த்தால் கரை முழுவதும் நார் நாராகக் கிழிந்து தெரியும்.

“என்றா இது, எலி கொறிச்ச ஓலையாட்டம்?” என்றார் அக்கா.

விளக்கினேன். பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, “ஒகேனக்கல்லுல பரிசல்ல போறப்ப ரெண்டு பக்கமும் பாறை நிக்குமே, அந்த மாதிரியா?” என்று கேட்டார்.

“அதே மாதிரிதான். ஆனா அந்தப் பாறையப் பல மடங்கு ஒசத்திக்க. தண்ணி ஆத்துத் தண்ணி இல்ல, கடல் தண்ணி.”

“அப்ப உள்ள இருக்கற சனம் கடல்ல குடியிருக்குதா, மலையில குடியிருக்குதா?”

 பாடப் புத்தகத்தில் அது இல்லை. “அதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா” என்று கூறிவிட்டேன்.

கிழிசல் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து நுழைந்து அக்கா தீட்டிக்கொண்டே போனார். நீலப் பென்சில் விரலில் பிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. முருங்கைக் குச்சியில் சொருகித் தீட்டினார். அதுவும் தீர்ந்தது. காரிமங்கலத்துச் சந்தை கூடும்வரை வேறு பென்சிலுக்கு வழி இல்லை. மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டும். மேற்பகுதியில் சில கிழிசல்களின் உட்பாகம் வெள்ளையாகவே நின்றுவிட்டது. “அது வரைக்கும் பனி உறைஞ்சு கெடக்குதுன்னு சொல்லிக்கடா” என்றார். பேராசிரியர் கவனிக்கவில்லை.

என்றாவது அந்தக் கரையை உனக்குக் காட்டுகிறேன் என்று நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்ததாக நினைவில்லை. போகிற போக்கில் வாக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத்து வழக்கமும் அன்று. ஆனால் வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் ஃபியோர்டுப் பாடம் வரும்போது, கரும்பலகையில் அந்தக் கரையை வரைந்துவிட்டு, உள்ளே குடியிருப்பவர்களைப் பற்றி மாணவர்கள் யாரேனும் கேட்பார்களா என்று காத்திருப்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

3

இங்கிலாந்தில் குடியுரிமை பெற்ற எனக்குக் கப்பலேறக் கடவுச்சீட்டு ஒன்றே போதும். அக்காவுக்கு அப்படியில்லை. இங்கிலாந்துக்கு ஒரு விசா, நார்வேக்கு இன்னொன்று. இரண்டும் கிடைத்தால்தான் கப்பல். எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். பயணத்தின் தலைமைப் பயணிக்கு இவர் என்ன உறவு என்று ஒரு கேள்வி. உடன்பிறந்தவர் என்ற விடைதான் அங்கே இருந்தது. மூத்தவரா இளையவரா என்று அந்நாட்டார் கேட்பதில்லை. நாற்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தும் இது எனக்குப் பழகவில்லை. கப்பலில் என்ன உணவு வேண்டும் என்ற இடத்தில் ‘சைவம்’ என்று குறிக்கப் போனபோது, அக்கா தொலைபேசியில் தடுத்தார்.

“கடல்ல போயிட்டு மீனு வேணாம்னா பாக்கறவன் சிரிப்பான். மீனுன்னே போடு. களி கெடைக்குமான்னு மட்டும் கேட்டு வை.”

சென்னையில் விரல் ரேகை பதியும் நாளில் அக்காவை அவர் மகன் அழைத்துப் போனான். நடந்ததை அவனே எனக்குக் கூறினான். கருவி அக்காவின் விரல்களை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண் துணியால் துடைத்துப் பார்த்தாள், களிம்பு தடவிப் பார்த்தாள்.

“எத்தனை வருசம் புளி தட்டின கையிம்மா,” என்றாராம் அக்கா. “ரேகையெல்லாம் கொட்டையோட போயிருச்சு. கட்டை விரலு மட்டும் மிச்சமிருக்கும், வெச்சுப் பாரு.”

அந்தப் பெண் பொறுமையாகப் பலமுறை முயன்று பதித்துவிட்டாள். எதற்காக நார்வேக்குப் போகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள்.

“சின்னதுல கலரு அடிச்சேன். சரியா அடிச்சனான்னு பாக்கத்தான்.”

அன்று மாலை அக்காவுக்கு மெரினாவைக் காட்டியிருக்கிறான் மகன். கடலை முதன்முதலாகக் கண்டவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, “இது ஒரு பக்கமாதான இருக்குது. உங்க மாமன் சொன்ன கடலுக்கு ரெண்டு பக்கமும் மலை இருக்கும்” என்று கூறிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாராம்.

விசாக்கள் வந்தன. இரண்டும் அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே செல்லும். அக்கா நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இன்னொரு முறை இந்த அலைச்சலை அவருக்குக் கொடுக்க முடியாது என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் நாள்தோறும் பேசினோம். அதற்கு முன் வாரத்துக்கு ஒரு முறை, நலமா நலம் என்ற அளவில் முடிந்துவிடும் பேச்சு அது.

“தம்பி, அந்தக் குளுரு நம்மூரு மார்கழி மாதிரியா, வத்தல்மலைக் குளுரு மாதிரியா?”

“வத்தல்மலையத் தூக்கி ஃப்ரிஜ்ல வெச்சா எப்படி இருக்கும், அப்படி.”

“பால்கனின்னியே, அதுல துணி காயப்போடலாமா?”

“கப்பல்ல துணி காயப்போட்டா கேவலமா பார்ப்பாங்கக்கா.”

“உன்னைத்தான கேவலமா பார்ப்பாங்க? என்னை அங்க யாருக்குத் தெரியும்?”

தருமபுரியில் ஒரு கம்பளிக் கடையில் சிவப்பு நிறத்தில் ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் அதைப் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சரோஜா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “உங்களைவிட அண்ணிதான் கப்பலுக்குத் தயாரா இருக்காங்க” என்றாள்.

4

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கும். அதைக் கணக்கில் கொண்டுதான் கப்பலை ஆனி மாதத்தில் வைத்துக்கொண்டோம். இந்த ஆண்டு பண்டிகை ஆனிக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குக் காரணம் நான்.

கோயிலுக்குப் புதிய நுழைவாயில் கட்ட ஊரார் முடிவு செய்தபோது, சிமென்டில் கட்டினால் போதும் என்றார்கள். நம் மாவட்டத்துக் கருங்கல் வெளிநாட்டு மாளிகைகளுக்கெல்லாம் போகிறது. நம் ஆத்தாளுக்குச் சிமென்டா என்று எழுதிக் கேட்டேன். வாயிலைக் கல்லில் செய்து தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். நிலைக்கல்லைப் பொளிந்துகொண்டிருந்தபோது அது விரிசல் கண்டது. வேறு கல் எடுத்தார்கள். வாயில் நிற்காமல் காப்புக் கட்டக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. வாயில் நின்றபின் ஆத்தாளிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். வலப்பக்கத்துப் பூ விழுந்து உத்தரவான நாள், எங்கள் கப்பல் புறப்படும் வாரத்துக்குள் வந்து சேர்ந்தது. கல்லில் கட்டச் சொன்னது தவறு என்று இன்றும் நான் கருதவில்லை. கல் நிற்கும்.

ஆனால் காப்புக்கு ஒரு முறை உண்டு. காப்புக் கட்டிய நாள் முதல் அவிழ்க்கும் நாள்வரை, கோயில் வரி கொடுக்கும் ஒவ்வொரு தலைக்கட்டின் வீட்டிலும் மாலையில் விளக்கு எரிய வேண்டும். ஏற்றுகிறவர் அந்தக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். இரவு ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. வந்த மருமகள் ஆண்டு முழுவதும் விளக்கேற்றலாம். காப்பு நாட்களில் மட்டும் பிறந்தவர் கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை அக்காவுடையது. அவர் மகன் அவன் தந்தை வழித் தலைக்கட்டு.

இதைச் சிலர் இப்போது பொருட்படுத்துவதில்லை என்பதை நான் அறிவேன். முந்தைய பண்டிகை ஒன்றில் மேலத்தெருக் குடும்பம் ஒன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விட்டது. அதைக் கேள்விப்பட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீண்ட கண்டனம் ஒன்றை எழுதினேன். பலர் கைகூப்பும் படங்களை அனுப்பிப் பாராட்டினார்கள்.

பண்டிகைக் காரியங்களை முன்நின்று நடத்துபவர் மாதையன். தொடக்கப் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்தவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்னங்க வாத்தியாரே, லண்டன்ல விடிஞ்சிருச்சுங்களா?”

நான் இருப்பது லண்டன் இல்லை என்பதை அவருக்குப் பலமுறை கூறியிருக்கிறேன். அன்று அதைத் திருத்தவில்லை.

“மாதையா, வயசானவங்க, உடம்பு சரியில்லாதவங்க இருக்கற வூட்டுக்குக் காப்பு விளக்குல ஏதாவது விலக்கு உண்டா?”

“உங்க அக்காளுக்கு ஒடம்புக்கு என்னங்க? போன வாரம் சந்தையில ஒரு ஆட்டுக்காரன ஓட ஓட வெரட்டினாங்க. நான் பாத்தேன்.”

“பொதுவாகக் கேட்டேன்.”

“பொதுவாத்தான் நானும் சொல்றேன். கப்பல்ல போறீங்களாமே, ஊரே பேசுது. சிவப்பு ஸ்வெட்டர அக்கா தெருத்தெருவா காட்டிட்டாங்க.” பேச்சோடு பேச்சாக இதையும் சேர்த்துக்கொண்டார். “ஒருத்தரு ஒரு தடவ குரூப்புல எழுதினாருங்க. நான் இன்னும் அழிக்கலை. படிக்கட்டுங்களா?”

“வேண்டாம்.”

“‘விளக்கில்லாத வீடு, ஊரின் முகத்தில் பல் விழுந்த இடம்.’ என்னமா எழுதறீங்க வாத்தியாரே! அன்னில இருந்து மேலத்தெருக்காரன் கோயிலுக்கு வந்தா வாயத் தொறந்து சிரிக்கறதே இல்ல.”

 மாதையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் வேணும்னா கண்ண மூடிக்கறேனுங்க. ஆனா அவன் கேப்பான். என்னைக் கேக்க மாட்டான், உங்களத்தான் கேப்பான்.”

5

அக்காவுக்குச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது.

“நான் வரலை தம்பி. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா போயிட்டு வாங்க. போட்டோ எடுத்தாந்து காட்டு, போதும். வெளக்க வுட்டுப்போட்டு எப்படி வர்றது?”

“அக்கா…”

“இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. அந்தக் கடலு எங்க போயிரப் போவுது?”  பிறகு, “ஸ்வெட்டர மட்டும் திருப்பிக் குடுக்க மாட்டேன். குளுரு காலத்துக்கு ஆவும்” என்றார்.

அந்த வார இறுதியில் அமுதா வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிகுந்த அக்கறையோடு ஒரு வழி கூறினாள். “அப்பா, ஒரு ஸ்மார்ட் பல்ப் மாட்டிடலாம். டெய்லி ஈவினிங் நான் இங்கிருந்தே ஆன் பண்றேன்.”

“பிறந்தவங்க ஏத்தணும்மா.”

“நானும் அந்த ஃபேமிலில பொறந்தவதானே? என் கை ஓகேவா?”

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு அந்த மாதம் விடுப்பு இல்லை. அதை அவளே கூறிவிட்டு, சற்று நேரம் கழித்து, “லீவு இருந்தாலும் அந்த வீட்டுல சாவி எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தெரியாதுப்பா. சின்ன வயசுல வந்தது” என்றாள். அவளைக் கடைசியாக எப்போது ஊருக்கு அழைத்துப் போனோம் என்று நானும் சரோஜாவும் அன்று நெடுநேரம் யோசித்தோம். இருவரும் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறினோம்.

முடிவைச் சொன்னவள் சரோஜா. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“அந்த வூட்டுல பொறந்தவங்க மூணு பேரு. அமுதாவுக்கு லீவு இல்ல. மிச்சம் அண்ணியும் நீங்களும். ஒருத்தரு எல்லைக்குள்ள இருந்தா ஒருத்தரு கப்பல்ல இருக்கலாம். இதக் கண்டுபுடிக்க எம்.ஏ. படிச்சிருக்கணுமா?”

“நான் போகாம நீங்க ரெண்டு பேரும் எப்படி?”

“ஏன், நீங்கதான் கப்பல ஓட்டப் போறீங்களா? உங்களுக்கு அடுத்த வருசமும் கப்பல் இருக்குது. அண்ணிக்கு இந்த விசா ஒண்ணுதான்.”

நான் எழுந்து தோட்டத்துக்குப் போய், அந்த வாரம் ஏற்கெனவே வெட்டியிருந்த புல்லை மீண்டும் வெட்டினேன். என் ஏக்கம் நார்வேயைக் காண்பதில் இல்லை. அதன் படங்களை வாழ்நாள் முழுவதும் கண்டவன் நான். அக்கா அந்தக் கரையை முதன்முதலாகக் காணும் கணத்தில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. அதைத்தான் விடச் சொல்கிறாள் சரோஜா. அதை விட்டால்தான் அக்காவுக்கு அந்தக் கரை கிடைக்கும். புல் வெட்டும் கருவியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, எனக்கு இந்தியாவுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்படி அமுதாவிடம் கூறினேன். கப்பலில் என் படுக்கைக்கு வேறு யாரையாவது அனுப்பலாமா என்று அவள் கேட்டாள்.

“காலியா கெடக்கட்டும்,” என்றாள் சரோஜா. “அவரு மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டு அங்க படுத்திருக்கார்னு நெனச்சுக்கறேன்.”

அவ்வாறே வந்தேன். நான் வந்த சில நாட்களில், காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் காலை, அக்காவைப் பெங்களூர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தோம். அதில் உட்கார மறுத்து, கைப்பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். வாயிற்காவலர் இருந்த இடத்துக்கு அப்பால் என்னை விடவில்லை.

“திரி அலமாரியில மேல் தட்டுல இருக்குது. எண்ணெய சிக்கனமா ஊத்தாத,” என்றார். பிறகு என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, “நீயும் வந்திருக்கலாம்டா” என்று மிகச் சாதாரணமாகக் கூறிவிட்டு உள்ளே போனார். சிவப்பு ஸ்வெட்டர் கூட்டத்தில் மறையும்வரை தெரிந்தது.

6

எனவே இந்தக் குறிப்புகளை நான் எழுதுவது இங்கிலாந்தில் இருந்து அல்ல. காரிமங்கலத்துக்கு அருகே, எல்லைக்கல்லுக்கு உட்பட்ட ஒரு வீட்டிலிருந்து. வெளிநாட்டு அனுபவத்தை வெளிநாட்டில் இருந்துதான் எழுத வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

ஊரார் என்னிடம் காரணம் கேட்கவில்லை. “ஆத்தாளுக்காகக் கப்பலையே விட்டுட்டு வந்தவரு” என்று மாதையன் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். நான் மறுக்கவில்லை. முழுப் பொய்யும் இல்லை.

அறிவிப்பின் பெருமை மாவிளக்கு நாள்வரை நீடித்தது. வழக்கமாகத் தலைக்கட்டு ஆண்கள் கோயில் வாயிலின் முன் நிற்க, பெண்கள் வீட்டு வரிசைப்படி மாவிளக்குத் தட்டெடுத்து வருவார்கள். எங்கள் வீட்டுத் தட்டு மூன்றாவது. அதை எடுக்கப் பெண் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆண் எடுக்கலாம் என்று முறை இருக்கிறது. நான் செய்வித்த கருங்கல் வாயிலைப் பட்டு வேட்டியோடு ஆண்கள் வரிசையில் நின்று பார்க்கும் காட்சியைத்தான் ஓராண்டாக மனத்தில் வைத்திருந்தேன். இப்போது பெண்கள் வரிசையில், முன்னும் பின்னும் சேலைகள் சலசலக்க, கையில் நெய்விளக்கோடு நடந்தேன்.

“மாமா, தட்ட நேரா புடிங்க. நெய்யி எம்மேல ஒழுவுது,” என்றாள் எனக்கு முன்னால் போன பெண்.

“சாரி,” என்றேன்.

பின்னாலிருந்து யாரோ என் முழங்கையில் இடித்தார்கள். அதற்கும் நானே “சாரி” என்றேன். நாற்பதாண்டு இங்கிலாந்து வாசம் ஒருவனுக்குத் தரும் வியாதி அது. இடித்தவனும் இடிபட்டவனும் ஒருங்கே மன்னிப்புக் கேட்பார்கள்.

“ஏம்பா, மூணாந்தட்டு சாரி சாரின்னே வருது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. வாயிலருகே நின்ற மேலத்தெருக்காரரும் அன்று வாய் திறந்து சிரித்தார். ஒரு பல் உண்மையாகவே இல்லை. நான் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு என் கருங்கல் வாயிலுக்குள் நுழைந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நெய் சிந்தியிருக்கும்.

7

சரோஜாவும் அக்காவும் ஏறிய கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு அவர்களிடமிருந்து அழைப்பு ஏதும் வரவில்லை. நடுக்கடலில் தொலைபேசி வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், மாலையில் விளக்கேற்றும்போது தொலைபேசியை விளக்கு மாடத்தின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் புதிது. அங்கே இருந்தபோது இந்த வீட்டை நினைத்தேன். இங்கே உட்கார்ந்துகொண்டு, கடல் எப்படி இருக்கிறதோ, அக்காவுக்குத் தலைசுற்றல் வந்ததோ, கப்பலின் வழவழத்த படியில் வழுக்கினாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை திரியை இழுத்துவிட்டுத் தீக்குச்சியைக் கையில் எடுத்தபோது தொலைபேசி ஒலித்தது. திரையில் முதலில் வெறும் வானம். பிறகு சரோஜாவின் கட்டை விரல். அதன்பின் அக்காவின் முகம். சிவப்பு ஸ்வெட்டருக்கு மேல் என் பழைய மழைக்கோட்டு. காதைச் சுற்றிச் சரோஜாவின் கம்பளித் துண்டு. காற்றில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“வெளக்கு வெச்சியா?”

“வெக்கப் போறேன். நீ எப்படி இருக்க? மாத்திரை போட்டியா?”

“அதெல்லாம் உன் பொண்டாட்டி போலீஸ்காரி மாதிரி நின்னு போடவெக்கறா. இங்க பொழுதே சாயமாட்டேங்குதுடா. சாப்ட்டு முடிச்சுப் படுக்கப் போனாலும் வெயிலு. வெளக்கு வெக்கற நேரமே தெரியல. அதான் உங்கிட்டக் கேட்டேன்.”

“கரை தெரியுதா?”

“கரையா? கிட்டக் கையி நீட்டினா தொடலாம் போல. நீயே பாரு.”

திரை சுழன்றது. இரு பக்கமும் செங்குத்தான மலை. உச்சியில் பனி, அதிலிருந்து வெள்ளை நூல் போல் அருவிகள். இடையே அசையாத தண்ணீர். வாழ்நாள் முழுவதும் நான் கரும்பலகையில் வரைந்த கோடு உயிரோடு எழுந்து நின்றது. உள்ளங்கை அளவுத் திரையில், அவ்வளவுதான் எனக்கு. மலைச்சரிவில் ஒரு வீடு. அதன் கூரை மேல் புல். வீட்டுக்குக் கீழே நான்கைந்து ஆடுகள்.

“பாத்தியா, ஆடு மேயுது,” என்றது அக்காவின் குரல். “நான் அன்னிக்குக் கேட்டனே, இந்த சனம் கடல்ல குடியிருக்குதா மலையில குடியிருக்குதான்னு. மலைச் சனந்தான்டா. கடலுதான் இவங்களப் பாக்க வூட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்குது.”

 அக்கா தொடர்ந்தார்.

“தம்பி, நீலப் பென்சிலு தீந்துபோச்சுன்னு மேல கொஞ்சம் வெள்ளையாவே வுட்டமே, ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுக்கா.”

“அதுக்குள்ளதான் போயிட்டிருக்கோம்னு நெனைக்கறேன். பனியெல்லாம் ஒறைஞ்சு கெடக்கல. உள்ள வரைக்கும் தண்ணிதான்டா. நாமதான் பாதியில நிறுத்திட்டோம்.”

பின்னணியில் சரோஜா, “போதும் அண்ணி, காத்து அடிக்குது, உள்ள வாங்க” என்றாள். “இருடி, இவன் இன்னும் பாக்கல” என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, “நல்லாத் தெரியுதா? இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிக்கட்டுமா?” என்று கேட்டார்.

தொலைபேசியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் சாய்ந்தது, மலை சாய்ந்தது. கப்பல் ஒரு பாறை முனையைச் சுற்றித் திரும்பியபோது படம் உறைந்து நின்றுவிட்டது. தண்ணீரின் ஓரமும், அக்காவின் ஸ்வெட்டர் கையின் சிவப்பு நுனியும் மட்டும் இருந்தன. பிறகு அதுவும் போயிற்று.

மாடத்து அகலில் எண்ணெய் விளிம்புவரை இருந்தது. சிக்கனம் பார்க்கவில்லை. விளக்கை ஏற்றினேன். நாளையும் அவர்கள் இன்னொரு கிழிசலுக்குள் போவார்கள் என்று பயணத் திட்டம் கூறுகிறது. அந்தத் திட்டத்தைப் போட்டவன் நான்தான். நாளை பொழுது சாயும்போது தொலைபேசி அதே ஓரத்தில் இருக்கும். அக்கா கேட்பதற்குள் ஏற்றிவிட வேண்டும்.